வல்லின றானா

எட்டு மாதமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செசிலியா ரேமண்டின் ரெக்கார்டு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாட்டு கேட்கத்தான் வருகிறாள் என்று அங்கே எல்லாரும் நினைத்தார்கள். பாட்டும் கேட்டாள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் எழுபத்து மூன்று வயதில், இரண்டு முழங்காலிலும் வலியை வைத்துக்கொண்டு, கெலாங் பாத்தாவிலிருந்து தெப்ராவ் வரை ஒருத்தி வாரா வாரம் போகிறாள் என்றால் ஒன்று பக்தி இருக்க வேண்டும், இல்லை பகை இருக்க வேண்டும். செசிலியாவின் பக்தி காலைப் பூசையோடு முடிந்துவிடும். பகைக்கு மாலை நான்கு மணி.

ரேமண்ட் சிங்கப்பூரில் முப்பது வருடம் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். கையும் காலும் சும்மா இருக்காத ஆள். தெப்ராவில் ஒரு சலவைக்கடைக்கு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, பழைய ரெக்கார்டு பிளேயர்களை வாங்கிப் பிரித்து மேய்ந்து மறுபடி பூட்டி வைத்திருந்தான். வால்வு வைத்த பெரிய மரப்பெட்டி ஒன்று, சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிப் போகிற பேட்டரி பிளேயர் ஒன்று, இன்னும் இரண்டு மூன்று. அங்கே ஓடுகிற பாட்டெல்லாம் ஒரே ஜாதி. போலெரோ, சா-சா-சா, ரும்பா. அறுபதுகளில் ஜேபி என்கிற ஜொகூர்பாருவின் நடன மண்டபங்களைக் குலுக்கிய சரக்கு. யாரோ ஒரு பெண் புரியாத பாஷையில் உருகுவாள், பின்னால் கோங்கா மேளம் தொடையில் தட்டுவது போலத் தட்டும், மராக்கஸ் அரிசி புடைப்பது போல இரையும். மரப்பெட்டியின் வால்வு சூடாக இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடமும் ரேமண்ட் யாரையும் பேச விடமாட்டான். ஊசி தட்டில் இறங்கி முதல் கரகரப்பு வந்ததும், நாற்காலியில் இருக்கிற பெரிசுகளின் கால்களெல்லாம் செருப்புக்குள்ளே ஆட ஆரம்பிக்கும். செசிலியாவின் காலும் ஆடும். அதை அவளால் நிறுத்த முடிந்ததில்லை.

எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் கோயில் வாசலில் ரேமண்ட்தான் அவளைப் பிடித்தான்.

"ஆன்டி, நீங்க பழைய ஆளு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு பிரிங் ஹித்தாம் கெடச்சிருக்கு, பழைய ரெக்கார்டுத் தட்டு. எழுபத்தொண்ணுல வந்தது. நம்ம ஜேபி தமிழ்ப் பொண்ணு, ஸ்பானிஷ்ல பாடியிருக்கு! அலமாக், என்னா குரல் தெரியுமா?"

கைப்பேசியில் அட்டைப் படத்தைக் காட்டினான். கொண்டையும் கண்மையுமாக சூசன் சிரித்துக்கொண்டிருந்தாள். பாடியவர் சூசன் என்று கீழே போட்டிருந்தது.

செசிலியா அதை வெகு நேரம் பார்த்தாள். "எங்க போட்டுக் காட்டுவ?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரேமண்டின் மரப்பெட்டியில் அவள் தன்னுடைய பத்தொன்பது வயசுக் குரலைக் கேட்டாள்.

நடந்தது இதுதான். செசிலியா பாலோ பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். ஆறாம் வகுப்பு வரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. சூசன் அவளுடைய மாமா மகள், மூன்று வயது மூத்தவள். மாமா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஜேபி ஆபீசுக்கு மாற்றலாகிப் போனவர். மகளை கான்வென்டில் படிக்க வைத்தார், வீட்டு வேலைக்குத் தங்கச்சி மகளைக் கூப்பிட்டுக்கொண்டார். சூசன் மார்கஸ் என்பவனின் இசைக்குழுவில் பாடினாள், அவனுக்கே நிச்சயமும் ஆகியிருந்தாள். கப்பலில் வந்த ஒரு பிலிப்பினோ கிட்டார்க்காரன் மாமா வீட்டு ஹாலில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு ஸ்பானிஷ் பாட்டைச் சொல்லிக் கொடுத்தான். சூசனுக்கு அன்றைக்குப் பாடமும் ஏறவில்லை, பொறுமையும் இல்லை. வாசலருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்த செசிலியாவுக்கு எல்லாம் ஏறியது. அவளுக்குத் தெரிந்த எழுத்து தமிழ் ஒன்றுதான். காதில் விழுந்ததைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டாள்.

ஒலிப்பதிவுக்கு சிங்கப்பூரில் நாள் குறித்தாகிவிட்டது. கிட்டார்க்காரன் கப்பலேறிவிட்டான். அன்று காலை சூசனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, ஒரு சொல் வரவில்லை. ஸ்டூடியோவுக்குக் கட்டிய காசு திரும்பாது. மார்கஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, துணைக்குப் போயிருந்த செசிலியா, "நான் பாடவா?" என்று கேட்டாள். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே தடவையில் பாடினாள்.

திரும்பி வருகையில் பாலத்தில் வைத்து சூசன் கரகரத்த தொண்டையில் சொன்னாள்: "படம் என்னுது, குரல் உன்னுது. ரெண்டு பேருக்கும் பங்குதானே? அடுத்த தட்டுல உன் பேரப் போட்டுக்கலாம் லா."

அடுத்த தட்டு வரவில்லை. செசிலியா ஒரு தடவை தன் பெயரைப் பற்றிக் கேட்டாள், ஒரே தடவை. அந்த வாரமே சூசன் தன் அப்பாவிடம் போய், இவள் இசைக்குழுப் பையன்களோடு சுற்றுகிறாள் என்று பற்றவைத்தாள். மாமா அவளை பாலோவுக்குப் பஸ் ஏற்றிவிட்டார். ஊர் வாய்க்குப் பயந்து அப்பா இரண்டே மாதத்தில் பால்வெட்டும் செபஸ்தியனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்.

அத்தோடும் விட்டிருக்கலாம். ஒருநாள் தோட்டத்துக் கடை ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. செசிலியா துள்ளிக்கொண்டு புருஷனிடம், "அது நான்தாங்க, நான் பாடுனது!" என்றாள். செபஸ்தியன் கடையில் இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு ஒரு கல்யாண வீட்டில், விளையாட்டாகவோ வினையாகவோ, சூசனிடமே கேட்டுவிட்டார். பந்தி நடுவே சூசன் செசிலியாவின் தலையைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "ஐயோ பாவம். அவளுக்கு அப்படி ஒரு நெனப்பு. விட்டுடுங்க."

அன்றிலிருந்து அவள் பெயர் ரேடியோக்காரி. தோட்டத்து லயவீட்டு வரிசையில் சின்னப் பிள்ளைகூட அப்படித்தான் கூப்பிட்டது. புளி விலை கூடிப்போச்சு என்று அவள் சொன்னால்கூட, "ரேடியோக்காரி சொல்றா, விசாரிச்சுக்கோ" என்று செபஸ்தியன் சிரிப்பார். நாற்பத்தைந்து வருடம் சிரித்தார். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது, மாத்திரை கொடுத்தாச்சு என்று அவள் தாதியிடம் சொன்னதற்கு, "இவ சொல்றத நம்பாதம்மா, இவ ரேடியோக்காரி" என்றார். அதுதான் அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. மறுநாள் போய்விட்டார். செசிலியா அழுதாள்தான். பாதி அழுகை ஆத்திரத்தில் வந்தது.

ஆகவே ரேமண்டின் மாடியில் அந்தத் தட்டு முதல்முறை சுழன்றபோது அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள். ஒரு விஷயம் காதில் உறுத்தியது. 'பெறோ' என்று ஒரு சொல் வருகிற இடத்தில் தன் நாக்கு அளவுக்கு மீறி உருளுகிறது. பக்கத்து வீட்டில் மெக்சிக்கோக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள், இங்குள்ள எஞ்சினியரைக் கட்டிக்கொண்டு வந்தவள். செசிலியா பாட்டைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு போய் அவளுக்குப் போட்டுக் காட்டினாள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'முத்தம் கொடு' என்று இருக்க வேண்டிய இடத்தில் பாடகி 'காசு கொடு' என்கிறாளாம். 'ஆனாலும் உன்மேல் ஆசை' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நாயே, உன்மேல் ஆசை' என்கிறாளாம்.

செசிலியாவும் அவளோடு சேர்ந்து சிரித்தாள். அன்று ராத்திரிச் சாப்பாடு அவளுக்கு ரொம்ப நாளைக்கப்புறம் ருசித்தது.

காசு விவகாரம் ஏற்கெனவே ஊருக்குத் தெரியும் என்று ரேமண்ட் சொன்னான். ஏதோ ஓட்டலில் பிலிப்பினோ வாத்தியக்காரர்கள் அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தபோது, சூசன் அதையே தன் பெருமையாக்கிவிட்டாளாம். முத்தத்துக்குப் பதிலாகக் காசு கேட்டது தன் குறும்பு என்று போகிற இடமெல்லாம் கதை சொல்லிக் கைதட்டல் வாங்கினாளாம். நாய் விவகாரம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. செசிலியா அதை மடியில் முடிந்துவைத்தாள்.

ஆகஸ்டில் ரேமண்ட் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்தான். அந்தத் தட்டை முந்நூறு பிரதி புதிதாக அச்சடிக்கப்போகிறான். அக்டோபர் கடைசி ஞாயிறு வெளியீடு. சூசன் அம்மாவே சிறப்பு விருந்தினர். எல்லாரும் கைதட்டினார்கள். செசிலியாவும் தட்டினாள். இந்தத் தடவை அச்சேறினால் அவ்வளவுதான், தான் செத்த பிறகும் அந்தக் குரல் சூசனுடையதாகவே சுழன்றுகொண்டிருக்கும் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? ஐயோ பாவம், அவளுக்கு அப்படி ஒரு நினைப்பு.

கூட்டம் கலைந்ததும் ரேமண்டிடம் போனாள். "தம்பி, அட்டைக்குப் பின்னால பாட்டு வரியும் போட்டா நல்லா இருக்கும். அர்த்தத்தோட. அந்தம்மாவையே எழுதித் தரச் சொல்லு. எப்படிக் கத்துக்கிட்டாங்கன்னும் கேளு."

"சூப்பர் ஐடியா ஆன்டி!"

இரண்டு வாரத்தில் சூசன் எழுதி அனுப்பிவிட்டாள். ரேமண்ட் அதை அழகாக அச்சடித்து எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தான். கான்வென்டில் ஒரு கன்னியாஸ்திரியிடம் மூன்று மாதம் ஸ்பானிஷ் படித்தாளாம். ஒவ்வொரு சொல்லும் பொருளறிந்து, உச்சரிப்புப் பிசகாமல் பாடினாளாம். காசு என்ற ஒரு சொல்லை மட்டும் குறும்புக்காக மாற்றினாளாம், மற்றதெல்லாம் இங்கே எழுதியபடியே. மூன்றாவது வரிக்கு அர்த்தம்: 'ஆனாலும் உன்மேல் ஆசை.' கீழே கையெழுத்து.

செசிலியா தாளை மடித்துப் பைபிளுக்கு உள்ளே வைத்துக்கொண்டாள்.

வெளியீட்டு நாளில் மாடியில் நாற்காலி போதவில்லை. சூசன் பட்டுச்சேலையும் கைத்தடியுமாக ஏறி வந்தாள். முடிக்குச் சாயம், உதட்டுக்குச் சாயம். முன்வரிசையில் செசிலியாவைப் பார்த்ததும் ஒரு கணம் தடி நின்றது. அடுத்த கணம் சிரிப்பு வந்துவிட்டது, அதில் அவள் கெட்டிக்காரி.

"அட, செசி! இன்னும் இருக்கியா நீ?" ரேமண்டிடம் திரும்பினாள். "எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். சமையலுக்கு ஒத்தாசையா எங்க வீட்ல இருந்தா, பாவம்."

தாய்மாமன் மகள் தூரத்துச் சொந்தமாம். செசிலியாவுக்கு மிச்சம் மீதி இருந்த இரக்கமும் அந்தப் 'பாவ'த்தில் போய்ச் சேர்ந்தது.

வால்வு சூடாகியது. ஊசி இறங்கியது. மேளம் தட்ட, கிட்டார் குழைய, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி ஒளிவு மறைவில்லாமல் தொண்டையைத் திறந்து பாடினாள். கூட்டத்தில் ஒரு வயசான தம்பதி எழுந்து இரண்டடி ஆடவே ஆடிவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் எல்லாரும் சூசனைப் பார்த்துக் கைதட்ட, அவள் கைகூப்பினாள். காசுக் கதையைச் சொன்னாள். சிரித்தார்கள். யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்றான் ரேமண்ட்.

செசிலியா கையைத் தூக்கினாள்.

"சூசன்க்கா, எனக்கு ஒரு சந்தேகம். மூணாவது வரியில 'ஆனாலும்'னு எழுதியிருக்கீங்க. தட்டுல அப்படிக் கேக்கலையே? ரேமண்ட், அந்த இடத்த மட்டும் போடு தம்பி."

ஊசி மறுபடி இறங்கியது. பெறோ. உருண்டு, அதிர்ந்து, அறை முழுக்கக் கேட்டது.

"இப்ப உன் போன்ல தட்டிப் பாரு. மெதுவாச் சொன்னா என்ன அர்த்தம், உருட்டிச் சொன்னா என்ன அர்த்தம்னு."

ரேமண்ட் தட்டினான். கைப்பேசி இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டியது. அவன் புருவம் ஏறியது. "மெதுவாச் சொன்னா 'ஆனால்'. உருட்டுனா... நாய்."

அறை குலுங்கிச் சிரித்தது. சூசனும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

"அதுவும் குறும்புதான் லா! மார்கஸக் கிண்டல் பண்ணப் பாடுனது. வயசாச்சு, எழுத மறந்துட்டேன்."

"அப்படியா?" என்றாள் செசிலியா. "அப்ப அந்த ஒரு வார்த்தைய மட்டும் இப்பச் சொல்லிக் காட்டுங்கக்கா. பாட வேணாம். சும்மா சொன்னாப் போதும்."

சூசன் வாயைத் திறந்தாள். "பெரோ."

"இல்லக்கா. தட்டுல இருக்கற மாதிரி."

"பெர்ரோ." நாக்கு இங்கிலீஷ்காரி மாதிரி உள்ளே சுருண்டு வழுக்கியது. இன்னொரு தடவை முயன்றாள். இன்னொரு தடவை. உருளவில்லை. எப்படி உருளும்? கறிக்குழம்பைப் பிறந்ததிலிருந்து கரிக்குழம்பு என்றே கேட்டு வாங்கித் தின்றவள் அவள். அவள் அப்பாவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மூன்றாவது தடவைக்குப் பிறகு அறையில் யாரும் சிரிக்கவில்லை.

செசிலியா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"பெறோ," என்றாள்.

குரல் எப்போதோ போய்விட்டது, காற்றுதான் வந்தது. ற மட்டும் போகவில்லை. தட்டில் எப்படி உருண்டதோ அப்படியே உருண்டது.

"எனக்கு அன்னிக்குத் தமிழ் எழுத்து மட்டுந்தான் தெரியும்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "கேட்டத தமிழ்ல எழுதிக்கிட்டேன். பெசோவ மெத்துன்னு சொன்னா முத்தம், அழுத்திச் சொன்னா காசு, ரெண்டுக்கும் நமக்கு ஒரே பானாதானே? பெசோன்னு எழுதுனேன். மைக்கு முன்னாடி அதப் படிச்சப்ப காசாப் போச்சு. 'பெரோ'ன்னு அந்தக் கிட்டார்க்காரரு சொன்னது எனக்குப் 'பெறு'ன்னு விழுந்துச்சு, வல்லின றானா போட்டுட்டேன். எங்க தோட்டத்து வாத்தியாரு வல்லின றானாவ உருட்டலன்னா முட்டியில அடிப்பாரு. அதான் நாய் வந்துருச்சு. இது குறும்பு இல்ல. தமிழ் படிச்சவ பண்ண தப்பு. சூசன்க்காவுக்குத் தமிழ் ஓரெழுத்து படிக்க வராது, கேட்டுப் பாருங்க."

ரேமண்ட் அவளைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், சூசனைப் பார்த்தான். யாரும் சொல்லாமலே ஊசியை எடுத்து மறுபடி வைத்தான். பெறோ. அறையில் ஒருத்தர் விடாமல் செசிலியாவின் பக்கம் திரும்பினார்கள்.

சூசன் முன்னால் குனிந்தாள். "செசி, போதும்," என்றாள் தாழ்ந்த குரலில். "பேர மாத்திக்கலாம். இங்க வேணாம். எல்லாரும் பாக்கறாங்க."

"கல்யாண வீட்லயும் எல்லாரும் பாத்தாங்கக்கா."

பாவம் என்று தோன்றும் என்று செசிலியா பயந்திருந்தாள். தோன்றவில்லை. நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் குளிரட்டும் என்றிருந்தது.

"யாரு பாடுனது? சொல்லுங்க."

"நீதான்."

"நீதான்னா யாரு? எனக்குப் பேரு இருக்கு."

சூசன் கைத்தடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "செசிலியா."

ரேமண்ட் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தான். தட்டு மட்டும்தான் வந்திருக்கிறது, அட்டை தாமதமாகி இன்னும் அச்சுக்குப் போகவில்லை, நல்லவேளை, படத்தை எடுத்துவிட்டு ஆன்டியின் படத்தைப் போட்டுவிடலாம் என்றான்.

"படத்த எடுக்காத," என்றாள் செசிலியா. "படம் அவங்களுது. அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுக்குக் கீழ 'முகம் சூசன், குரல் செசிலியா'ன்னு கொட்டை எழுத்துல போடு. ரெண்டு பேருக்கும் பங்குன்னு அவங்கதான் சொன்னாங்க."

முந்நூறு அட்டை. பார்க்கிறவன் ஒவ்வொருத்தனும் ஏன் இப்படி இரண்டு பெயர் என்று கேட்பான், கேட்டவனுக்கு எவனாவது கதையைச் சொல்வான். சூசனுக்கும் அது புரிந்தது. எழுந்து, யாரும் கை கொடுக்காமலே படியிறங்கினாள். செசிலியா உட்கார்ந்து கடைசித் தட்டு வரை கேட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். பாலோ கல்லறைத் தோட்டத்தில் சனம் நெரிந்தது. செபஸ்தியனின் தம்பிமார், அவர்கள் பெண்டாட்டிமார், ரேடியோக்காரி என்று கூப்பிட்டே வளர்ந்த பிள்ளைகள், எல்லாரும் பூவும் மெழுகுவர்த்தியுமாக வந்திருந்தார்கள். சாமியார் மந்திரித்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். ரேமண்ட் காரிலிருந்து சூட்கேஸ் பிளேயரைத் தூக்கி வந்து கல்லறைச் சிமென்டின் மேல் வைத்தான்.

"என்னா அண்ணி இது?" என்றார் கொழுந்தன்.

"உங்கண்ணன் ஒண்ணு விசாரிக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு," என்றாள் செசிலியா. "விசாரிச்சுக்கட்டும்."

ஊசியை அவளே வைத்தாள். பேட்டரி பிளேயருக்கு மரப்பெட்டியின் கனம் கிடையாது, ஆனாலும் வெட்டவெளியில் நன்றாகவே கேட்டது. அக்கம்பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரேமண்ட் கொழுந்தனிடம் மெல்ல, "ஆன்டி பாடுனதுதான் சார், ப்ரூஃப் ஆயிருச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வரி வந்தது. செசிலியா குனிந்து, கல்லில் செபஸ்தியன் என்று வெட்டியிருந்த எழுத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பெறோ யோ தே கியெரோ. நாயே, உன்மேல் ஆசை. பத்தொன்பது வயதில் தப்பாகப் பாடிவிட்ட வரி, இப்போது சரியான ஆளிடம் வந்து சேர்ந்திருந்தது.

மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னொரு தடவை போடு தம்பி," என்றாள். "அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."